கசரத்துச் சாலையின் பதினேழு படிகள்

பினாங்கின் சூலியா தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரிகிற ஒரு சந்தில் நாகூர் மீரானின் கசரத்துச் சாலை என்ற உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. கீழே சாலை, மேலே மீரானும் மனைவி சலேஹாவும் வாழும் குடியிருப்பு. நீளமான வீடு. நடுவில் வானம் தெரிகிற முற்றமும் அதில் ஒரு கிணறும் உண்டு. முற்றத்தைத் தாண்டினால் மண் குழைத்துப் போட்ட மல்லர் கோதா. சுவரோரம் கரலாக்கட்டைகளும் இரும்புக் குண்டுகளும் வரிசையாக நிற்கும். கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிறவர்கள், தொங்காங் என்னும் சரக்குப் படகு ஓட்டிகள், கடைச் சிப்பந்திகள் என்று இருபத்துமூன்று பேர் தினமும் அங்கே வந்து உடம்பை முறுக்கேற்றிக்கொண்டு போவார்கள். மீரானை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில், மழைக்காலத்தோடு சேர்ந்து விஷக் காய்ச்சலும் பினாங்கில் இறங்கியது. மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் இருபத்துமூன்று பேரில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். கிழவர்களும் நோஞ்சான்களும் தப்பித்துக்கொள்ள, மார்பை விரித்தால் சட்டைப் பொத்தான் தெறிக்கிற ஆண்பிள்ளைகள்தான் விழுந்தார்கள். அவர்களில் முதல்வன் யூசுப். துறைமுகத்தில் இரண்டு அரிசி மூட்டையை ஒன்றாகச் சுமந்து பலகையில் ஓடுகிறவன் அவன் ஒருவன்தான். காலையில் இருமினான், நான்காம் நாள் கபுருஸ்தானுக்குப் போனான்.

மீரானுக்கும் காய்ச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டார். பினாங்குத் தராசுக் கணக்கில் நூற்று நாற்பது கட்டி எடை இருந்தவர் எழுந்தபோது நூறு கட்டிக்குக் குறைவாக இருந்தார். சாலையின் கதவு இரண்டு மாதம் சாத்தியே கிடந்தது.

தை பிறக்கும் சமயத்தில் ஒருநாள் முனைக் கோப்பிக்கடைக்குப் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் சுலைமான் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சாலையைத் திறக்கப் போறீங்களாமே, மெய்தானா?"

"திறக்கணும்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஊருல என்ன பேசிக்கிறாங்கன்னு சொல்றேன். உடம்பை வளர்த்தவன்தான் முதல்ல மவுத்தானான்னு பேசிக்கிறாங்க. இனிமே உங்ககிட்ட யாரு பிள்ளையை அனுப்புவா?"

மீரான் கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இரண்டு மாதமாக அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

ஆனாலும் வேலையைத் தொடங்கிவிட்டார். தொடங்க வைத்தவர் டிரசர் கந்தப்பு. பெரியாஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல் நாட்களில் செருப்புத் தேயத் தேய வீடு வீடாக ஏறி இறங்கியவர். வாரம் ஒருமுறை வந்து மீரானின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டுப் போவார்.

"எழும்பினவைக்கு இப்பதான் தேகப்பயிற்சி வேணும், கண்டியளோ," என்றார் கந்தப்பு. "எல்லாரும் படுத்துக் கிடந்து நெஞ்சு சுருங்கிப் போச்சுது. திறவுங்கோ. ஆனா முதல்ல இந்த இடத்தைச் சுத்தப்படுத்த வேணும்."

என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் விரல் மடக்கிச் சொன்னார். மீரான் ஒவ்வொன்றாகச் செய்தார். கோதா மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி அள்ளி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பாலிக் புலாவ் தோட்டத்துச் செம்மண்ணை வரவழைத்தார். வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டுப் பிசைந்தார். கரலாக்கட்டைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் நிறுத்தினார். தரையில் பினாயில் விட்டார். பின்சுவரில் கொத்தனார் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல் உடைத்ததும், கடல்காற்று முதல் தடவையாக வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியாக வெளியே போனது. முன்பானால் ஒரே நாள் வேலை. இப்போது பத்துத் தடவை மண்வெட்டி போட்டால் பதினோராவதுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, பதினைந்து நாள் ஆயிற்று.

கடைசியாகச் சுண்ணாம்பு பாக்கி இருந்தது. மாடிப்படிச் சுவருக்கும் அடித்துவிடலாம் என்று மட்டையை எடுத்துக்கொண்டு ஏறினார். மரப்படி, பதினேழு படி, ஏணி மாதிரி செங்குத்து. ஒருவர் ஏறினால் எதிரே ஒருவர் இறங்க முடியாது. கந்தப்பு கீழ்ப்படியில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார்.

"இந்தப் படியாலதானே உங்களை இறக்கினது? நீங்கள் கீழே கிடந்ததுதான் நல்லதாப் போச்சுது. மேலே ஓட்டுச் சூட்டுக்குள்ள இன்னும் ஒரு நாள் கிடந்திருந்தா நான் வந்தும் பிரயோசனம் இல்லை."

"எல்லாம் யூசுப்போட புண்ணியம்," என்றார் மீரான். "எனக்கு நினைவு தப்பிப்போச்சு. யாரோ ஒருத்தர் முதுகுல சாஞ்சு கிடக்கற மாதிரி மட்டும் ஞாபகம். கண்ணு முழிச்சப்ப கோதா பக்கத்துல கிடக்கேன். பள்ளியில ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்றாங்க. யூசுப்பான்னு கேட்டேன். சலேஹா தலையாட்டுச்சு. அவன் செஞ்ச கடைசிக் காரியம், டிரசர். என்னை இறக்கிப் போட்டுட்டு அவன் போய்ட்டான்."

கந்தப்பு சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"யூசுப் எண்டா? ஆச்சின் தெரு யூசுப்போ?"

"அவனேதான்."

"அது சரிவராது. யூசுப் செவ்வாய்க்கிழமை காலமை செத்தவர். நான் பக்கத்திலதான் நிண்டனான். புதன்கிழமை நான் இங்க வரேக்க நீங்கள் மேலேதான் கிடந்தியள். ஜும்ஆ எண்டா வெள்ளி. அப்ப உங்களை இறக்கினது வியாழக்கிழமை. செத்த ஆள் வந்து உங்களைத் தூக்கினவரோ?"

மீரான் மட்டையைச் சுண்ணாம்பு வாளிக்குள் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார். கந்தப்பு அவர் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் சுருட்டை அணைத்துக்கொண்டு, "நான் பிறகு வாறன்," என்று எழுந்து போனார்.

வியாழக்கிழமை அந்தச் சந்தில் எழுந்து நடமாடியவர்கள் யார் யார் என்று மீரான் யோசித்துப் பார்த்தார். இடப்பக்கத்து வீட்டில் நான்கு பேரும் படுக்கை. வலப்பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டு நிபோங் திபாலுக்குப் போய்விட்டார்கள். ஜனாஸாவைத் தூக்கவே நான்கு தோள் கிடைக்காத நாள் அது. இந்த வீட்டில் எழுந்து நடமாடிய உயிர் ஒன்றுதான்.

அவர் மாடிக்கு ஏறினார். சலேஹா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றால் அவருடைய தோளுக்கு வருவாள். மணிக்கட்டை அவருடைய இரண்டு விரல் சுற்றிப் பிடித்துவிடும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் கீழே கசரத்து நடக்கிற நேரத்தில் ஒருநாள்கூட அவள் படியிறங்கியதில்லை.

"சலேஹா, என்னைக் கீழே இறக்கினது யாரு?"

துருவுகிற கை நின்றது. "அதான் யூசுப்..."

"யூசுப் செவ்வாய்க்கிழமையே மவுத்தாயிட்டான்."

அவள் தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க கண்ணு முழிச்சதும் யூசுப்பான்னு கேட்டீங்க. இல்லேன்னு சொன்னா, அவன் எங்கேன்னு கேப்பீங்க. அவர் போயிட்டார்னு அந்த நேரத்துல நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கு மூச்சே நூல் மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. அதான் தலையாட்டிட்டேன்."

"நீதானா?"

"வேற யாருங்க இருந்தா?"

மீரான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் ஆட்களை எடை போட்டுப் பழகியவர். ஒருவன் நடந்து வரும்போதே அவனால் எத்தனை கட்டி தூக்க முடியும் என்று சொல்லிவிடுவார். கண்ணெதிரே இருப்பவளைப் பார்த்தார். கணக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

"எப்படித் தூக்குனே?"

"தூக்கலேங்க. இறக்குனேன். அவ்வளவுதான்."

பிறகு அவள் சொன்னாள். மூன்று நாளாகக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை மேலே சுமந்து அவர் உடம்பில் ஊற்றியிருக்கிறாள். வியாழக்கிழமை உச்சிவெயிலில் ஓடு பழுத்துக் கிடந்தது. ஊற்றுகிற தண்ணீர் உடம்பில் பட்டதும் ஆவியாகப் போனது. அவளுக்கும் உள்ளே காய்ச்சல் ஆரம்பித்திருந்தது. இனி ஒரு வாளி ஏற்ற முடியாது என்று கால் சொல்லிவிட்டது.

"தண்ணியை இனிமே மேலே கொண்டார முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப உங்களைத் தண்ணிகிட்டே கொண்டு போயிடலாம்னு நினைச்சேன்."

இரண்டு சாரத் துணியை முடிந்து அவருடைய அக்குள் வழியாகக் கொடுத்துத் தன் மார்போடு கட்டிக்கொண்டாள். படியின் உச்சிவரை அவரைப் பாயோடு இழுத்தாள். அவருக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, அவரை முதுகில் சாய்த்துக்கொண்டு, கைப்பிடிக் கயிற்றைப் பற்றி அடுத்த படிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பாரம் அவள் மேல் இறங்கும். பல்லைக் கடித்துத் தாங்குவாள். அது அடங்கினதும் அடுத்த படி.

"எவ்வளவு நேரம்?"

"லுஹர் பாங்கு கேட்டுத்தான் உக்காந்தேன். கீழே கால் வைக்கறப்ப அஸருக்குச் சொன்னாங்க."

மூன்று மணி நேரத்துக்கும் மேல். பதினேழு படிக்கு.

"நடுவுல ஒரு படியில முடியலை," என்றாள் சலேஹா. குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க தலை என் தோள்ல விழுந்துபோச்சு. அசைவே இல்ல. போயிட்டீங்கன்னு நினைச்சுட்டேன். திரும்பிப் பாக்கவும் முடியாது, கட்டியிருக்கே. அப்படியே உக்காந்திருந்தேன். அப்புறம் என் முதுகுல உங்க நெஞ்சு லேசா அசைஞ்சது தெரிஞ்சுது. ஒண்ணு. அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. சரி, இருக்காங்கன்னு சொல்லிட்டு அடுத்த படிக்கு நகந்தேன்."

மீரான், பள்ளிவாசல் மோதினார் யாரும் ஓதாமலே உடம்பு சிலிர்க்கிறதே என்று நினைத்தார். பதினோரு வருஷமாகப் பலம் என்றால் இன்னது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்த வாயால் இப்போது ஒரு சொல் சொல்ல முடியவில்லை.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?" என்று கடைசியில் கேட்டார். "நான் ஊர் பூரா யூசுப் யூசுப்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

"நீங்க சொன்னது யூசுப் பொஞ்சாதி ஹாஜரா காதுக்குப் போயிருச்சுங்க. வீட்டைவிட்டு வராம இத்தாவுல உக்காந்திருக்கு அந்தப் புள்ள. நான் பாக்கப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, லாத்தா, அவரு கடைசியா ஒரு உசிரைக் காப்பாத்திட்டுத்தான் போனாராமே, அதை நினைச்சுத்தான் சோறு இறங்குதுன்னு சொல்லுச்சு. மகளுக்கும் அதைத்தான் சொல்லித் தூங்க வைக்குதாம்." சலேஹா மறுபடியும் துருவ ஆரம்பித்தாள். "அதுக்கப்புறம் நான் என்னத்தைச் சொல்றது? அது அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்லா. எனக்கு நீங்க இருக்கீங்க."

அன்று பிற்பகல் சலேஹா பாசாருக்குப் போன நேரம் பார்த்து மீரான் ஒரு காரியம் செய்தார். கோதாவுக்கு வந்து மிஞ்சிய செம்மண்ணைச் சாக்கில் கொட்டித் தராசில் நிறுத்தி, தன்னுடைய பழைய எடை வந்ததும் வாயைத் தைத்தார். பின்சுவர் உடைத்த கொத்தனாரையும் அவன் கூட்டாளியையும் கூப்பிட்டு அதை மேல்படிக்கு ஏற்றச் சொன்னார். அவர்கள் திட்டிக்கொண்டே ஏற்றிவிட்டுப் போனார்கள். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து மூட்டையை முதுகில் சாய்த்துக் கட்டிக்கொண்டு நகர்ந்தார்.

முதல் படியில் மூட்டை இறங்கியபோது விலா எலும்பெல்லாம் ஒன்றோடொன்று உரசியது. இரண்டாம் படியில் கைப்பிடிக் கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. மூன்றாம் படியில் கண் இருட்டியது. நான்காவதில் அப்படியே நின்றுவிட்டார். கீழே பார்த்தார். இன்னும் பதின்மூன்று இருந்தன. அவ்வளவும் இருட்டுக் கிணறு மாதிரி இறங்கிப் போயின. காய்ச்சல் உடம்போடு, பக்கத்தில் கூப்பிட ஒரு குரல் இல்லாமல், முதுகில் இருப்பது உயிரா ஜனாஸாவா என்று தெரியாமல், அவள் இந்த இடத்திலிருந்து இறங்கியிருக்கிறாள். மீரான் கட்டை அவிழ்த்தார். மூட்டை சரிந்துவிடாமல் சுவரோடு அண்டக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். படிச்சுவரின் பாதிக்குத்தான் சுண்ணாம்பு அடித்திருந்தது. மீதிப் பாதியில், இடுப்புக்குக் கீழான உயரத்தில், வியர்வைக் கை பட்டுத் தேய்ந்த கறைகள் படிக்குப் படி தெரிந்தன. அவர் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். சின்னக் கை.

மிச்சச் சுவருக்கு அவர் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் சாலையைத் திறந்தார். பிழைத்த பதினான்கு பேரில் பதினொருவர் வந்தார்கள். கந்தப்பும் வந்து ஜன்னலோரம் நின்றார். உள்ளே நுழைந்தவர்கள் புது மண்ணின் வாசனையை இழுத்துப் பார்த்தார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு போனவர்களின் கரலாக்கட்டைகள் சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றவே வெட்கப்பட்டார்கள். கழற்றியதும் எல்லோருக்கும் விலா தெரிந்தது.

பஷீர் என்கிற தொங்காங்காரன், முன்பு யூசுப்போடு போட்டி போட்டவன், இருப்பதிலேயே சின்னக் குண்டை எடுத்து மார்பு வரைக்கும் கொண்டுவந்தான். அதற்கு மேல் போகவில்லை. கீழேயும் வைக்கத் தெரியாமல் நின்றான்.

"முடியலை வாத்தியாரே." அழுதுவிடுவான் போலிருந்தது. "ஊருல சொல்றது சரிதான். இதெல்லாம் செஞ்சு என்னத்துக்கு? யூசுப் அண்ணனுக்கே ஒண்ணும் உதவலையே."

மீரான் அவன் கையோடு கையைக் கொடுத்துக் குண்டை மெதுவாகத் தரைக்கு இறக்கினார்.

"இன்னிக்கு யாரும் எதையும் தூக்க வேணாம்," என்றார்.

பஷீர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தான். "இந்தப் படியிலதானே உங்களைச் சுமந்துகிட்டு வந்தாரு?"

எல்லோரும் படியைப் பார்த்தார்கள். மாடியில் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

"இந்தப் படியிலதான்," என்றார் மீரான். "ஆனா சுமந்து இல்லை. சுமக்கப் பலமே கிடையாது அன்னிக்கு. காய்ச்சல் உடம்பு. ஒரு படி இறங்கி உக்காந்து, என்னை முதுகுல தாங்கி, அடுத்த படிக்கு நகந்து, மறுபடி உக்காந்து. லுஹருக்கு ஆரம்பிச்சு அஸருக்கு முடிஞ்சுது. நடுவுல நான் செத்துட்டேன்னு நினைச்சும் கட்டை அவுக்கலை. நான் மூட்டை கட்டிப் பாத்தேன் பஷீரு. நாலு படிக்கு மேல என்னால முடியலை. நாலு படி."

யார் என்று அவர் சொல்லவில்லை. பெயரை எடுத்தால் ஒரு பெண்ணிடமிருந்து ஒன்றைப் பறித்து இன்னொரு பெண்ணிடம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்தாலும் அவள் வாங்கமாட்டாள். கந்தப்பு மட்டும் ஜன்னலோரத்திலிருந்து மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

பஷீர் போய்க் கீழ்ப்படியைத் தொட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சுவரில் இருந்த கறைகளைக் குனிந்து பார்த்தார்கள். தொழுகைக்கு நிற்கிற மாதிரி அந்த முரட்டு ஆட்கள் கைகட்டி நின்றார்கள்.

"எங்களுக்கும் அதையே சொல்லிக் குடுங்க வாத்தியாரே," என்றான் பஷீர். "தாங்கி இறக்கறதை."

அன்று அப்படித்தான் ஆரம்பமானது. இருவர் சேர்ந்து ஒரு குண்டை மேடையில் ஏற்றி வைக்க வேண்டும். ஒருவன் மட்டும் அதை இறக்க வேண்டும். மூச்சை விட்டு விட்டு, சத்தம் கேட்காமல் தரையில் வைக்க வேண்டும். ஒரு குண்டு இறங்கி முடிக்கிற வரை மற்றப் பத்துப் பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. பதினோரு நெஞ்சு ஏறி இறங்குவதை மீரான் பார்த்தார். இத்தனை வருஷம் அதன் சுற்றளவை நாடா வைத்து அளந்தவர், அது அசைகிறதே என்று முதல் தடவையாக வியந்து நின்றார்.

மாசி முடிவதற்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தேறி எழுந்தவர்களைக் கந்தப்பே அனுப்பிவைத்தார். கோப்பிக்கடைச் சுலைமானும் வந்தார்.

ஹாஜராவுக்கு இத்தா கழிந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைத் துப்பட்டியோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். படியை ஒருதடவை பார்க்க வேண்டும் என்றாள். மீரான் கையைத் தட்டினார். குண்டுகள் சத்தமில்லாமல் தரைக்கு வந்தன. ஆட்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

சலேஹா இறங்கி வந்தாள். ஹாஜராவைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய்ப் படியில் உட்கார வைத்தாள். குழந்தை சுவர்க் கறைகளை விரலால் தடவித் தடவி, "இது வாப்பாவா? இதுவும் வாப்பாவா?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறியது. சலேஹா அதன் பின்னால், விழுந்துவிடாமல் கையைக் கொடுத்துக்கொண்டு ஏறினாள்.

வெளியே முப்பது ஆட்கள் சாயங்கால வெயிலில் சுவரோரமாக நின்றார்கள். சந்து அடைபட்டுப் போய், ரிக்‌ஷா இழுத்துக்கொண்டு வந்த சீனர் ஒருவர், உள்ளே என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். பஷீர் உதட்டில் விரலை வைத்து அவரையும் நிற்கச் சொன்னான். மீரான் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.